லீவில் மட்டும் தாய்மொழி

பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டை நோக்கி வரும் ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டிச் சிறிது தூரம் ஓடியதும் ஆந்திரத்துக்குள் நுழைகிறது. பிசாநத்தம், குடுபல்லி, குப்பம். இன்னும் சில ஸ்டேஷன்கள் போனால் தமிழ்நாடு வந்துவிடும். ஜன்னலோரம் கண்ணயர்ந்த பயணிக்கு ஆந்திரம் என்று ஒன்று நடுவில் வந்துபோனதே தெரியாது. மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இடம் இது. சித்தூர் மாவட்டத்தின் தலைநகரைவிட கோலார் தங்கவயலும் வாணியம்பாடியும் இந்த ஊர்க்காரர்களுக்குப் பக்கம்.

ஊர்ப் பெயரிலேயே மொழிச் சிக்கல் இருக்கிறது. தெலுங்கில் பல்லெ என்றால் சிற்றூர். தமிழில் ஊர்ப் பெயர்களின் வாலில் வரும் பள்ளியும் அதுவே. மொழிநூல் அகராதிகள் இரண்டையும் ஒரே பதிவில்தான் வைக்கின்றன. ஆனால் தெலுங்கு ஒலியை அப்படியே தமிழில் எழுதினால் ஊர், பல்லியாகிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. வாயில் ஒன்றாக இருக்கும் சொல் எழுத்தில் ஏறும்போது என்ன பாடுபடுகிறது என்பதை இந்த வட்டாரத்துக் குழந்தைகள் தினமும் அனுபவிக்கிறார்கள்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஆந்திரப் பள்ளிகள் மூடுகின்றன. ஜூன் 12 வாக்கில் திறக்கின்றன. ஏறக்குறைய ஏழு வாரங்கள். இந்த ஏழு வாரங்களில் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்று ஆசிரியர்கள் கவலைப்படுவது வழக்கம். கவலைக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும் 1996இல் அதுவரை வந்திருந்த 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கோடை விடுமுறையில் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள் என்பது முடிவு. அதைவிட முக்கியமான இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. கணக்கை எல்லாக் குழந்தைகளும் மறந்தார்கள். வாசிப்பிலோ வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் விடுமுறையில் நஷ்டப்படவில்லை, கொஞ்சம் முன்னேறவும் செய்தார்கள். ஏழை வீட்டுக் குழந்தைகள்தான் பின்தங்கினார்கள். கணக்குக்கு ஆசிரியர் வேண்டும். வாசிப்புக்கு வீட்டில் புத்தகம் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. வித்தியாசம் அங்கிருந்து வருகிறது.

இந்தியாவில் இதற்கு ஒரு பெரிய, கசப்பான சோதனை தானாகவே நடந்தது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் ஒரு கள ஆய்வை வெளியிட்டது. ஐந்து மாநிலங்களில் 44 மாவட்டங்கள், 1,137 அரசுப் பள்ளிகள், 16,067 குழந்தைகள். முந்தைய ஆண்டு கைவந்திருந்த மொழித்திறனில் குறைந்தது ஒன்றையாவது 92 சதவீதக் குழந்தைகள் இழந்திருந்தார்கள். கணக்கில் இது 82 சதவீதம். கணக்குதான் முதலில் மறக்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி. தினமும் பேசுகிற மொழிதானே, அது எங்கே போய்விடும் என்று எண்ணுவது எளிது. பேச்சு போகாது. எழுத்து போய்விடும்.

குடுபல்லி வட்டாரத்தில் வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு இந்தக் கதை தலைகீழாக இருக்கிறது. அது தமிழை விடுமுறையில் மறப்பதில்லை. மறக்கும்படி பள்ளி அதற்குத் தமிழ் எழுத்தைச் சொல்லித்தரவே இல்லை. பத்து மாதம் தெலுங்கும் ஆங்கிலமும். மே மாதம் பாட்டி வீடு, மாமா வீடு, கல்யாணம், திருவிழா என்று எல்லை தாண்டும்போதுதான் பஸ் போர்டிலும் கடைப் பலகையிலும் அது தன் மொழியின் எழுத்தைப் பார்க்கிறது. வாயில் உள்ள மொழியைக் கண்ணால் அடையாளம் காண முடியாது. பத்து வயதில் தெலுங்கு நாளிதழை மளமளவென்று படிக்கிற பிள்ளை, தாத்தா கையிலுள்ள தமிழ்ப் பத்திரிகையில் படம் மட்டும் பார்க்கிறது. இப்படி இரண்டு தலைமுறை போனால் வீட்டில் பேச்சு மட்டும் மிஞ்சும். பேச்சு மட்டும் உள்ள மொழி அடுத்த கல்யாண சம்பந்தத்தோடு மாறிவிடக்கூடியது.

சட்டத்தில் குறையில்லை. ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்லிவருகிறது. வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால் ஆசிரியர் தர வேண்டும் என்ற கணக்கு அதற்கும் முந்தியது, 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஒப்புக்கொண்டது. ஆந்திரத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் சில உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதவும் வழியுண்டு. ஆனால் பத்துப் பேர் சேர வேண்டுமானால் பத்துப் பெற்றோர் அதைக் கேட்க வேண்டும். பெற்றோர் கேட்பது ஆங்கிலத்தை. அரசுப் பள்ளிகளை முழுக்க ஆங்கில வழிக்கு மாற்ற ஆந்திர அரசு 2019 நவம்பரில் போட்ட உத்தரவை உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ரத்து செய்தது. உத்தரவு ரத்தானது, ஆசை ரத்தாகவில்லை. தெலுங்கே தன் வீட்டில் இடம் தேடும்போது தமிழ் எங்கே உட்காரும்?

எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநிலப் பிரிவினையில் ம.பொ.சி. போன்றவர்கள் போராடிய பிறகு, படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் குப்பமும் ஆந்திரத்தில் நின்றன. அரசியல்வாதிகள் வரைபடத்தில் போட்ட கோட்டைப் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் கொண்டுவந்தது. கோடு போட்டது சரியா என்று இன்று வாதாடுவதில் பிரயோஜனமில்லை. கோட்டின் இரண்டு பக்கமும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆக, மீதியிருப்பது விடுமுறை. பள்ளிக்கூடம் கை வைக்காத ஒரே காலம். பரீட்சை இல்லை, மார்க் இல்லை, வேறு பாடத்தின் நேரத்தைத் திருட வேண்டியதில்லை. வீட்டுத் தமிழைப் படிக்கும் தமிழாக மாற்ற இதைவிட நல்ல காலம் வாய்க்காது. ஒரு கோடையில் முடியுமா என்றால், முடியும். இந்தக் குழந்தை சுழியத்திலிருந்து தொடங்கவில்லை என்பதுதான் காரணம்.

தெலுங்கு படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்திய எழுத்தின் சூத்திரம் ஏற்கெனவே தெரியும். மெய்யோடு உயிர் சேர்ந்தால் குறி மாறும், அவ்வளவுதான். 247 என்று பயமுறுத்த வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் சில குறிகளும்தான் உண்மையில் கற்க வேண்டியவை. தடுக்கி விழும் இடங்களும் எவையென்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தெலுங்கில் உயிர்க்குறி எதுவும் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்காது. தமிழில் கெ, கே, கை மூன்றிலும் குறி முந்திக்கொள்கிறது. கொ, கோ இரண்டிலும் எழுத்தைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. தெலுங்குக் கண் முதலில் இங்கேதான் தயங்கும். அடுத்து, தெலுங்கில் ஒரு ‘ந’ இருக்கும் இடத்தில் தமிழில் ந, ன இரண்டு. ழகரம் இன்றைய தெலுங்கில் இல்லை. அதற்காக வருத்தப்படுவதற்கும் ஒன்றுமில்லை, வட ஆற்காட்டுப் பேச்சிலும் பலருக்குப் பழம் பளம்தான்.

பெரிய தடை வல்லினம். தெலுங்கில் க வரிசைக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்றே ஒன்று. காகம் என்ற சொல்லில் முதல் ககரமும் இரண்டாவது ககரமும் ஒரே உருவம், வேறு ஒலி. தம்பியில் உள்ள பகரம் பந்தில் உள்ள பகரமல்ல. வெளியிலிருந்து தமிழ் படிக்க வருகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதற்குத் தமிழாசிரியர்கள் விதி சொல்வார்கள். விதி சரியானதுதான், ஆனால் விதியை நினைத்துக்கொண்டே எவரும் படிப்பதில்லை. சொல்லைத் தெரிந்தவருக்கு ஒலி தானாக வரும். குடுபல்லிப் பிள்ளைக்கு தம்பியையும் காகத்தையும் பிறந்ததிலிருந்து தெரியும். மற்றவர்கள் வருஷக்கணக்கில் சம்பாதிக்க வேண்டியது அதற்கு வீட்டுச் சொத்து. உருவத்தை மட்டும் யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும்.

பிறகு இன்னொரு மேடு வருகிறது. வீட்டில் வந்துகினு இருக்கிறான் என்பார்கள். புத்தகத்தில் வந்துகொண்டிருக்கிறான் என்றிருக்கும். வூடு, வீடாகும். போனான், சென்றான் ஆவான். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த பிள்ளை, இது என்ன மொழி என்று விழிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூலை நேராகக் கையில் கொடுத்தால் நடப்பது இதுதான். அதன் முதல் பக்கங்களே தமிழ்நாட்டு வகுப்பறையையும் ஆசிரியரையும் நம்பி எழுதப்பட்டவை. சினிமாப் போஸ்டரிலிருந்து ஆரம்பிப்பது மேல். கதாநாயகனின் பெயர் பிள்ளைக்கு முன்பே தெரியும். சோப்பு உறை, தீப்பெட்டி, மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பாடப்புத்தகம்தான். கல்யாணப் பத்திரிகையில் மாமா பெயரை மாமாவுக்கு முன்னால் வாசித்துக்காட்டும் பிள்ளைக்குக் கிடைக்கும் பெருமையை எந்த மார்க்கும் தராது.

இதற்கெல்லாம் மேலான ஒரு சாதனம் ஒரு காலத்தில் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் ஒரு சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார்கள். தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. பின்னால் மற்ற மொழிகள் சேர்ந்தன. வேதாளத்தைத் தோளில் சுமந்துகொண்டு விக்கிரமாதித்தன் நடக்கும் சங்கரின் படம் எல்லா மொழியிலும் அதே படம். கதையும் அதே கதை. எழுத்து மட்டும் வேறு. இதை விளம்பரம் செய்து மொழிப்பாடம் என்று எவரும் விற்கவில்லை. ஆனால் இரண்டு மொழி புழங்கும் எல்லை வீட்டில் இரண்டு பதிப்பையும் அருகருகே வைத்தால் அதைவிட நல்ல மொழிப்பாடம் இருக்க முடியாது. தெலுங்கில் கதையைப் படித்து முடித்தாயிற்று. ராஜா யார், மந்திரி யார், யார் தலை உருண்டது என்பதெல்லாம் தெரியும். இப்போது தமிழில் அதே பக்கம், அதே படம். அர்த்தத்தைத் தேடும் வேலை இல்லாததால் கண் எழுத்தை மட்டும் பார்க்கலாம். தெரியாத சொல்லைப் படமும் முந்தைய வாசிப்பும் சொல்லிவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் தொழில் கற்பதும் ஏறத்தாழ இப்படித்தான்.

சந்தமாமா 2013 வாக்கில் நின்றுபோனது. சங்கர் 2020இல் காலமானார். ஆனால் ஒரே படம், பல மொழி என்ற ஏற்பாடு போய்விடவில்லை. சென்னையின் தூலிகா ஒரே படக்கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் அதே கதையை மொழி மாற்றி மாற்றி இலவசமாக வாசிக்கலாம், பிரதியெடுத்து அச்சிடவும் தடையில்லை. செல்போன் இல்லாத வீடு இன்று குறைவு. அதே போனில்தான் குட்டிக் குட்டி வீடியோக்களும் ஓடுகின்றன என்பது வேறு விஷயம். எட்டு வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுக் கதை படி என்றால் அது என்ன செய்யும் என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். பத்துப் பக்கத்தை அச்சிட்டு நூலால் தைத்துக் கொடுப்பதுதான் நல்லது.

விடுமுறைப் பாடம் என்ற பெயரில் பள்ளிகள் கொடுப்பது இதற்கு நேர் எதிர். பத்துப் பக்கம் கையெழுத்துப் பயிற்சி, ஒவ்வொரு கேள்வி பதிலும் ஐந்து தடவை. ஜூன் 10ஆம் தேதி ராத்திரி அம்மாவும் அக்காவும் பங்கு போட்டு எழுதி முடிக்கும் காரியம். அதில் கற்றுக்கொள்வது அம்மா மட்டும். அமெரிக்காவில் ஆலிங்டன், மெக்கில்-ஃபிரான்சன் இருவரும் வேறு வழியைச் சோதித்தார்கள். ஏழைக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் கோடை தொடங்கும் முன் 12 புத்தகங்கள், மூன்று ஆண்டுகள். கேள்வி பதில் கிடையாது. முக்கியமான நிபந்தனை, புத்தகத்தைக் குழந்தையே பொறுக்க வேண்டும். சினிமா நட்சத்திரங்கள், பாடகர்களைப் பற்றிய புத்தகங்களே அதிகம் பொறுக்கப்பட்டன. மூன்றாண்டு முடிவில் அந்தக் குழந்தைகளின் வாசிப்பு, புத்தகம் பெறாதவர்களுடையதைவிடத் தெளிவாக மேலே இருந்தது. பரம ஏழைகளிடம் பலன் அதிகம். ஆத்திசூடியில்தான் தொடங்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் தமிழன்பர்கள் இதைக் கவனிக்கலாம்.

வீட்டில் ஒரு மொழி, வாசிப்பில் ஒரு மொழி என்பது ஊனமல்ல. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற கிராமத்தில் இரண்டு சிறுவர்கள் வீட்டில் தெலுங்கு பேசினார்கள், வெளியில் கண்ணில் பட்ட தமிழையெல்லாம் படித்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, இன்னொருவர் கி. ராஜநாராயணன். முதலாமவருக்கு 1970இல், இரண்டாமவருக்கு 1991இல் தமிழுக்கான சாகித்ய அகாதமி பரிசு. குடுபல்லிக்கு மறுபக்கம், அதே கோலார் மாவட்டத்துக்காரரான மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ் பேசிக் கன்னடத்தில் எழுதி 1983இல் ஞானபீடப் பரிசு பெற்றார். மூவரையும் ஆக்கியது மொழிக்கொள்கை இல்லை. கைக்கெட்டிய புத்தகமும் அதைப் பற்றிப் பேச ஒரு ஆளும். இந்த இரண்டாவது விஷயம் அடிக்கடி விட்டுப்போகிறது. தனியாகப் படிக்கும் பிள்ளை பத்தாம் நாள் நிறுத்திவிடும். தாத்தாவுக்கு வாசித்துக்காட்டும் பிள்ளையைத் தாத்தா நிறுத்தவிட மாட்டார், அவருக்குக் கதை முடிய வேண்டும்.

கோட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓசூரிலும் வேப்பனப்பள்ளியிலும் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்கு இதே கதை, எழுத்து மட்டும் இடம் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2006இல் வந்த தமிழ் கற்கும் சட்டம் அந்தப் பிள்ளைகளையும் தமிழ்த் தாளுக்குள் கொண்டுவந்தது. 2016இல் அந்த முதல் அணி பத்தாம் வகுப்புக்கு வந்தபோது சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் போய் விலக்கு வாங்கின. ஆந்திரத்தில் தமிழுக்கு இடமில்லை என்று குறைபடும் தமிழர்கள் ஓசூரின் தெலுங்குக்கு எவ்வளவு இடம் என்று கேட்பது அபூர்வம். விடுமுறைக் கதைப் புத்தகத்துக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. இரு மொழிப் புத்தகம் ஒன்று அச்சானால் அது கோட்டின் இரண்டு பக்கமும் செல்லும்.

புத்தகம் ஊருக்கு வர வேண்டுமே? இரண்டு மாநிலங்களிலும் அந்தப் பாரம்பரியம் உண்டு. மன்னார்குடி பக்கம் 1931இல் மாட்டுவண்டி நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. ஆந்திரத்தில் 1935இல் கிருஷ்ணா கரையில் படகு நூலகம் மிதந்தது. இரண்டு மாநிலத்திலும் நூலகச் சட்டம் இருக்கிறது, வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஆந்திரத்தில் ரூபாய்க்கு எட்டுப் பைசா, தமிழ்நாட்டில் பத்துப் பைசா. வசூலித்த உள்ளாட்சிகள் அதை நூலகத்துக்கு முழுசாகக் கொடுப்பதில்லை என்ற புலம்பலும் இரண்டு மாநிலத்துக்கும் பொது. குடுபல்லி மண்டலத்திலேயே 172 ஏக்கரில் அகஸ்தியா அறக்கட்டளையின் வளாகம் இருக்கிறது. 1999இல் தொடங்கிய அந்த அமைப்பு வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் அறிவியல் கருவிகளைக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பிவருகிறது. காந்தம் வேனில் ஏறும்போது கதைப் புத்தகம் ஏறத் தடையென்ன?

கலிபோர்னியாவில் தமிழ்ப் பெற்றோர் 1998 முதல் வார இறுதிப் பள்ளி நடத்துகிறார்கள். கடல் தாண்டிய குழந்தைகளுக்கென்று சென்னையில் தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலைக் கல்விப் பாடங்களை உருவாக்கிவைத்திருக்கிறது. ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளியிருக்கும் பிள்ளைக்கும் அதே பாடம் பொருந்தும். ஆனால் அந்தப் பிள்ளையை அயல்நாட்டுத் தமிழராக எவரும் எண்ணுவதில்லை, உள்நாட்டுத் தமிழராகவும் எண்ணுவதில்லை.

குடுபல்லிக்கு அடுத்த ஸ்டேஷன் குப்பம். திராவிடப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. திராவிட மொழிகளை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டுப் படிக்க வேண்டும் என்று வ.அய். சுப்பிரமணியம் கண்ட கனவை ஆந்திர அரசு, அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்போடு 1997இல் நிறைவேற்றியது. தமிழும் தெலுங்கும் தெரிந்தவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், பதிப்புத் துறை, நூலகம் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப் பக்கம் தமிழ், நடுவில் படம் என்று பன்னிரண்டு சிறு புத்தகங்கள் தயாரிக்க அவர்களுக்கு ஒரு பருவம் போதும். சுற்றுவட்டாரப் பிள்ளைகளை மே மாதம் அழைத்து உட்காரவைக்க மரநிழலும் உண்டு. சிக்கல் ஒன்றுதான். பல்கலைக்கழகங்களுக்கும் மே மாதம் லீவு.